புதுமை கரைந்த பிறகு

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2003-ஆம் ஆண்டில் தலைசிறந்த 500 ஆல்பங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. முதலிடம் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. 2012-ல் திருத்தியபோதும் முதலிடம் அதற்கே. 2020-ல் புதிதாக வாக்கெடுத்தார்கள். அந்த ஆல்பம் 24-ஆவது இடத்துக்கு இறங்கியது. 2003-ல் ஆறாவதாக இருந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கும், 30-ஆவதாக இருந்த ஜோனி மிட்செலின் 'ப்ளூ' மூன்றாம் இடத்துக்கும் ஏறின. இந்தப் பதினேழு ஆண்டுகளில் மூன்று தட்டுகளிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை.

இதைக் கண்டு பட்டியல் போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. துணிவுதான் வந்தது. இசைக் கலைஞர்களும் விமர்சகர்களும் கூடிச் சொன்ன தீர்ப்பே இவ்வளவு நகருமென்றால், இசைப் பயிற்சி இல்லாத ஒருவர் தம் காதில் விழுந்ததை ஒளிக்காமல் சொல்வதற்கும் ஓர் இடம் இருக்கத்தான் வேண்டும். மேற்கத்திய இசைக் குறிப்பை எனக்கு வாசிக்கத் தெரியாது. எந்த வாத்தியத்தையும் முறையாகத் தொட்டதில்லை. பெரிய ஆல்பங்கள் என்று உலகம் சொல்பவற்றைப் பத்தாண்டு பத்தாண்டாக எடுத்துவைத்துக் கேட்டு வருகிறேன். எது என்னைப் பிடித்து நிறுத்தியது, எதை மரியாதையோடு கடந்துபோனேன் என்று எனக்கு நானே உண்மை சொல்லிப் பார்க்கிறேன்.

தமிழ்த் திரைப்பாட்டில் வளர்ந்த காது என்னுடையது. எங்களுக்குப் பாட்டு என்றால் அதன் பின்னால் ஒரு படமும் ஒரு காட்சியும் உண்டு. நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்தால், பல படங்களின் பாட்டுகளை ஒரே கேசட்டில் பதிந்து தருவார்கள். எதற்குப் பின் எது என்பது நம் விருப்பம். படமே இல்லாமல், இசையமைத்தவர் வகுத்த வரிசையிலேயே முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்பது என்ற அனுபவம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வழியாகத்தான் எனக்கு முதலில் வாய்த்தது. அது வந்தது 1986-ல். மேற்கில் அந்த வடிவத்துக்கு அப்போதே நாற்பது வயது நெருங்கியிருந்தது.

1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். தட்டின் வரிப்பள்ளங்களை இன்னும் நெருக்கி வெட்டினால் நேரத்தைக் கூட்டலாம், ஆனால் ஒலி மெலிந்துபோகும். இப்படித்தான் ஒரு ஆல்பத்துக்கு நாற்பது நிமிடம் என்ற அளவு அமைந்தது. நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும் என்பதால், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டுக்கும் தனி எடை வந்தது. ஒரே இருப்பில் கவனம் சிதறாமல் நான் உட்காரக்கூடிய நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1982-ல் சிடி வந்து 74 நிமிடம் இடம் கொடுத்த பிறகு எத்தனையோ ஆல்பங்கள் தேவையில்லாமல் நீண்டன. 1990-களின் ஆல்பங்களில் கால்வாசியை வெட்டியிருந்தால் அவை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' என்னை நெடுநாள் குழப்பியது. 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாடல்களைப் பதிவுசெய்தார்கள். நான்கு ஆண்டு கழித்து வந்த இந்த ஆல்பத்துக்கு ஏறத்தாழ 700 மணி நேரம் ஆனது என்பார்கள். 1966 ஆகஸ்டோடு மேடைச் சுற்றுப்பயணங்களை நிறுத்திவிட்டு லண்டன் அபே ரோட்டுக் கூடத்துக்குள் புகுந்துகொண்டார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். கையில் இருந்ததோ நான்கே தடங்கள் கொண்ட டேப் இயந்திரம். நான்கும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றி, அங்கே கிடைக்கும் காலித் தடங்களில் மேலும் சேர்ப்பார்கள். சர்க்கஸ் பின்னணி கொண்ட ஒரு பாட்டுக்காக, ஆர்கன் ஒலிகள் பதிந்த டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, மேலே வீசி, கைக்கு வந்த வரிசையில் ஒட்டினார்கள். கடைசிப் பாட்டான 'எ டே இன் த லைஃப்' நடுவே 24 தாளக் கட்டங்களைக் காலியாக விட்டு, பிறகு நாற்பது வாத்தியக்காரர்களை அழைத்து, அவரவர் வாத்தியத்தின் அடிச் சுரத்திலிருந்து உச்சிவரை அவரவர் வேகத்தில் ஏறச் சொன்னார்கள்.

இவற்றைப் படிக்கும்போது வியக்கிறேன். கேட்கும்போது ஆல்பத்தின் பாதிக்கு என் மனம் அசைவதில்லை. சர்க்கஸ் பாட்டு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, அத்தோடு சரி. என்னை உட்காரவைப்பவை இரண்டு. ஒன்று அந்தக் கடைசிப் பாட்டு. இன்னொன்று, மேற்கத்திய ரசிகர்கள் பலர் தாண்டிச் செல்லும், ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ'. அதில் மற்ற மூன்று பீட்டில்ஸும் வாசிக்கவில்லை. லண்டனில் இருந்த இந்திய வாத்தியக் கலைஞர்களோடு ஹாரிசன் தனியே அமர்ந்து செய்தது. தில்ருபா ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது. ஐரோப்பிய வயலின்கள் அந்த வழுக்கலைப் பின்தொடர முயல்கின்றன, முழுதும் கைகூடவில்லை. அந்தக் கைகூடாமையை நம் காது உடனே பிடித்துக்கொள்ளும். பாட்டு முடிந்ததும் ஹாரிசன் ஒரு சிரிப்பொலியைச் சேர்த்திருக்கிறார். இவ்வளவு தீவிரமாகப் பேசிவிட்டோமே என்று கூசும் ஓர் இளைஞர் அங்கே தெரிகிறார்.

ஆல்பம் வந்த 1967 ஜூனிலேயே 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற இளம் விமர்சகர், இதில் வித்தை மிகுந்து உள்ளடக்கம் மெலிந்திருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். கடைசிப் பாட்டை மட்டும் உயர்வாகச் சொன்னார். வாசகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. உலகமே கொண்டாடும் வாரத்தில் அப்படி எழுதிய அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் அந்தப் புதுமையை நேருக்கு நேர் கண்டார். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஒலித் துண்டுகளை வெட்டி ஒட்டுவதை இன்று பள்ளிப் பிள்ளைகள் கைபேசியில் செய்கிறார்கள். ஒரே குரலை இரண்டாக அடுக்கிக் காட்டுவதற்காக அபே ரோட்டுப் பொறியாளர்கள் 1966-ல் ஒரு தனி முறையையே உருவாக்கினார்கள். இன்று எந்த மென்பொருளிலும் அது ஒரு பொத்தான்.

ஒரு கலைஞர் கண்டுபிடித்த உத்தி வெற்றி பெற்றால் அடுத்தவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். வெற்றி பெரிதானால் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பொதுக்கிணறு வெட்டியவரின் பெயரைத் தண்ணீரில் தேட முடியாது. 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' இறங்கியதற்கு அது தோற்றது காரணம் இல்லை. அளவுக்கு மீறி வென்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வரலாறு தெரிந்தவர் அந்த வெற்றியையும் சேர்த்துக் கேட்கிறார். என்னைப் போன்றவருக்கு அந்த வசதி இல்லை. புதுமையெல்லாம் கரைந்த பிறகு தட்டில் என்ன மிஞ்சுகிறதோ அது மட்டும்தான் எங்கள் காதில் விழும். ஆகவே அந்த மிச்சம் என்ன என்பதைச் சொல்ல எங்களுக்கும் தகுதி உண்டு.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-ல் இரண்டே நாளில், மார்ச் 2-லும் ஏப்ரல் 22-லும், நியூயார்க்கின் 30-ஆம் தெருக் கூடத்தில் பதிவானது. ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. அடுக்கடுக்காக மாறும் சுரக்கூட்டுகளை (கார்டு) துரத்தி ஓடுவது அன்றைய ஜாஸின் வழக்கம். டேவிஸ் அதை நிறுத்திவிட்டு, ஒரு சுர அடுக்கிலேயே நின்று நிதானமாக வாசிக்கச் சொன்னார். முதல் பாட்டான 'சோ வாட்' ஒரே அடுக்கில் தொடங்கி, அரைச் சுரம் மேலே ஏறி, மறுபடி இறங்குகிறது. அந்த அடுக்கின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்களே. கமகம் இல்லாததால் அதை ராகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓரிடத்தில் நின்று ஆழ்வது என்ற அந்தப் பொறுமை, கச்சேரியில் ஆலாபனை கேட்டவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

இந்த முறையும் பின்னால் பொதுச்சொத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஜாஸில் எத்தனையோ பேர் அப்படி வாசித்துவிட்டார்கள். காப்பிக் கடைகளில் பின்னணியாக ஓடுவதும் அதன் நிழல்தான். ஆனாலும் இந்தத் தட்டு மெலியவில்லை. பாடல்களுக்கான குறிப்புகளை டேவிஸ் பதிவுக்குச் சில மணி நேரம் முன்புதான் யோசித்துக் கொண்டுவந்தார் என்று பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் ஆல்பத்தின் உறையில் எழுதியிருக்கிறார். எனவே அந்தக் கூடத்தில் யாருக்கும் பாட்டு முன்பே முழுதாகத் தெரியாது. ஒருவர் வாசிப்பதை மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாக வேண்டும். ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன் நெருக்கி நெருக்கிப் பேசுகிறது. கேனன்பால் ஆடர்லியின் சாக்ஸஃபோன் சிரித்தபடி பின்னால் வருகிறது. டேவிஸின் ட்ரம்பெட் இரண்டு சுரம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களை நாம் கேட்கிறோம். உத்தியை எடுத்துக்கொண்டு போனவர்களால் அந்த இரண்டு நாளை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

1971-க்கு வருகிறேன். மோட்டவுன் நிறுவனத்தின் தலைவர் பெரி கோர்டிக்கு 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டு பிடிக்கவில்லை; விற்காது என்று நினைத்தார். காதல் பாடல்களால் பெயரெடுத்த மார்வின் கே அப்போது போரைப் பற்றியும், தெரு வறுமையைப் பற்றியும், மாசுபட்ட காற்றைப் பற்றியும் பாட விரும்பினார். அவருடைய தம்பி வியட்நாம் போர்க்களத்திலிருந்து திரும்பியிருந்தார். ஜனவரியில் தனித்தட்டாக வந்து பாட்டு ஓடியதும்தான் முழு ஆல்பத்துக்கு வழி திறந்தது. மே மாதம் அது வந்தது. அந்த நிறுவனத்துக்காக ஆண்டுக்கணக்கில் பெயர் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் அந்த உறையில் அச்சாயின. எனக்கு அது சிறிய செய்தி அல்ல.

அந்தத் தலைப்புப் பாட்டில் ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்திருந்தது. மார்வினின் குரல் இரண்டாக ஒலிக்கிறது. ஒரு குரல் வேண்டுகிறது; அதற்குச் சற்றுப் பின்னால் அதே மனிதர் தமக்குத் தாமே பேசிக்கொள்கிறார். பின்னால்தான் விவரம் படித்தேன். இரண்டு விதமாகப் பாடி, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இரண்டையும் தயார்செய்யச் சொல்லியிருக்கிறார். பொறியாளர் இரண்டையும் ஒருசேர ஒலிக்கவிட்டுவிட்டார். கேட்ட மார்வின் அப்படியே இருக்கட்டும் என்றார். தொடக்கத்தில் வரும் சாக்ஸஃபோனும் அந்தக் கலைஞர் விளையாட்டாக ஊதிப் பார்த்தது, அதையும் வைத்துக்கொண்டார். தற்செயல் எல்லோருக்கும்தான் நேர்கிறது. அதில் தம்மைக் கண்டுகொண்டு அழிக்காமல் விடுவதற்கு மார்வின் கே வேண்டியிருந்தது.

எழுபதுகளின் வேறு இரண்டு பெருந்தட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' அழகாகக் கட்டிய கட்டடம். அதில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் அறை, கிளேர் டோரி என்ற பாடகி சொற்களே இல்லாமல் கதறும் அந்தச் சில நிமிடங்கள். அவர் குழுவைச் சேர்ந்தவர் இல்லை. முப்பது பவுண்டு சம்பளத்துக்கு வந்து பாடிவிட்டுப் போனார். பாட்டின் ஆக்கத்தில் அவருக்குப் பங்குண்டு என்று ஏற்கப்பட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' காதில் தேனாக இறங்குகிறது. மெருகேற்றி மெருகேற்றி அதன் மூல டேப்பே தேய்ந்துபோனது. அதில் கிறிஸ்டின் மெக்வீ ஆளில்லாத அரங்கொன்றில் பியானோவோடு அமர்ந்து பாடிய ஒரு பாட்டுக்காக மற்றவற்றை விட்டுக்கொடுப்பேன்.

1982 எனக்கு ஒரு சோதனையாக வந்தது. அந்த ஆண்டின் ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தம் வீட்டில், கேசட்டில் பதியும் ஒரு நான்கு தடக் கருவியை வைத்துக்கொண்டு, கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகச் சில பாடல்களைப் பாடி வைத்தார். குழுவோடு பிறகு முறையாகப் பதிவதற்கான மாதிரி அது. குழுவோடு பாடியபோது பாடல்கள் உயிரிழந்தன. கடைசியில், உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் கொண்டுதிரிந்த அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் செப்டம்பரில் ஆல்பமாக வெளியிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வந்தது. ஒன்பது பாடல்கள், ஏழு தனித்தட்டாக வந்து ஏழும் அமெரிக்க வரிசையின் முதல் பத்துக்குள் நுழைந்தன. 'பில்லி ஜீன்' பாட்டை 91 முறை கலந்து பார்த்ததாக ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் சொல்லியிருக்கிறார்.

எளிமைதான் உண்மை, மெருகு பொய் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும். 'பில்லி ஜீன்' அப்படிச் சொல்லவிடாது. அந்த டிரம்ஸ் தொடங்கிய நொடியில் உடம்பு நிமிர்கிறது. நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர் நகலெடுத்தாலும் அந்த முதல் சில நொடி பழசாகவில்லை. அந்த 91-ல் கடைசியில் எடுத்துக்கொண்டது இரண்டாவது கலவையை என்பதையும் ஸ்வீடியனே சொல்கிறார். எண்பத்தொன்பது முறை மேலும் உழைத்துவிட்டு, முன்பு வந்ததே சரி என்று திரும்பிப் போகும் மனம் மெருகுக்கு அடிமையான மனம் அல்ல. அந்தப் பாட்டின் குரலில் ஒரு பயம் இருக்கிறது, மூச்சு இடறும் பயம். அதை அவர்கள் துடைத்துப்போடவில்லை.

'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. 1966-ல் பிரையன் வில்சன் அதன் ஒவ்வொரு மணியோசையையும் திட்டமிட்டுத்தான் வைத்தார். தற்செயலுக்கு அங்கே இடமே இல்லை. வலது காது ஏறக்குறைய கேட்காத அவர் முழு ஆல்பத்தையும் மோனோவில் கலந்தார். ஆனால் அந்தத் துல்லியத்தின் நடுவே, கடற்கரைக் கொண்டாட்டப் பாடல்களால் புகழ்பெற்ற குழுவின் 23 வயதுத் தலைவர், தாம் தம் காலத்தோடு ஒட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். எனவே புதுமை கரைந்த பிறகு மிஞ்சுவது எளிமையும் அல்ல, தற்செயலும் அல்ல. பாடுபவர் தம்மிடம் எதை மறைக்காமல் விட்டாரோ அதுதான் மிஞ்சுகிறது. உத்தியைப் பிறர் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தம்மைத் திறந்து வைத்ததை இன்னொருவர் எடுத்துத் தம்முடையதாக்க முடியாது. அவரவர் தம்முடையதைத்தான் திறக்க வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு பெரிய சந்தேகம் உண்டு. மறைக்காமல் விட்டதை நான் காதால் கேட்கிறேனா, அல்லது படித்த கதையைத்தான் கேட்கிறேனா? கலைஞர்களின் துயரக் கதைகள் நன்றாக விற்கின்றன. 'ரூமர்ஸ்' விற்றதில் அந்தக் குழுவின் காதல் முறிவுகளுக்குப் பங்கு இல்லையா? நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அந்தக் குழு மின்கருவிகளைக் குறைத்துப் பாடிய நிகழ்ச்சி, அவர் இறந்த ஆண்டின் நவம்பரில் ஆல்பமாக வந்தது. அந்தக் குரலில் மரணத்தைக் கேட்காமல் இன்று யாரால் கேட்க முடியும்? முடிவு தெரிந்த பிறகு எல்லாப் பாட்டும் ஒப்புதல் வாக்குமூலம்போல ஒலிக்கும்.

இந்தச் சந்தேகத்துக்கு 'ப்ளூ' பதில் வைத்திருந்தது. 1971 ஜூனில் வந்த ஆல்பம். பத்துப் பாடல்கள், முப்பத்தைந்து நிமிடத்துக்குச் சற்று மேல். அதைக் கேட்ட பாடகர் கிறிஸ் கிறிஸ்டாபர்சன், உனக்கென்று கொஞ்சமாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஜோனியிடம் பதறியதாகச் சொல்வார்கள். அந்த நாட்களில் தம்மிடம் எந்தத் தற்காப்பும் இருக்கவில்லை என்று ஜோனியே பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். அதில் மூன்றாவதாக வருவது 'லிட்டில் கிரீன்'. கிட்டாரும் குரலும் மட்டும். இவ்வளவையும் சொல்லிவிடும் அந்த ஆல்பத்தில் அந்த ஒரு பாட்டு மட்டும் எதையோ பொத்தி வைத்திருக்கும். ஆல்பம் வந்தபோது 'ரோலிங் ஸ்டோன்' விமர்சகர் அதைப் புரியாத குறிப்புகளால் மூடிய பாட்டு என்றே எழுதினார்.

1965-ல், இருபத்தொரு வயதில், கையில் காசில்லாத நிலையில் ஜோனி ஒரு பெண் குழந்தையைப் பெற்று, வளர்க்க வழியில்லாமல் தத்துக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குழந்தைக்கான பாட்டு அது. செய்தி வெளியே தெரிந்தது 1990-களில்தான். 1997-ல் தாயும் மகளும் சந்தித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் அந்தப் பாட்டைக் கேட்ட எத்தனையோ பேருக்குக் கதை தெரியாது. நானும் அந்தக் கதை தெரியும் முன்பே அதைக் கேட்டேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பிடிபடவுமில்லை. யாரோ ஒருவர் மிகச் சிறிய ஓர் உயிரை வழியனுப்புகிறார், அழக் கூடாது என்று குரலைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது. கதையைப் படித்தபின் அந்தப் பாட்டு எனக்குப் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. முன்பு கேட்டதுதான் கேட்டது.

அதன் பிறகு ஆல்பத்தை முதலில் கேட்டுவிடுகிறேன். உறைக் குறிப்பும் வரலாறும் பின்னால்தான். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டரை' (1997) அப்படிக் கேட்டேன். இன்றுவரை மதிப்புதான், அன்பு வரவில்லை. இன்னும் சில ஆண்டு கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பேன். அடுத்து ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்'. 1976-ல் வந்தது. இரண்டு எல்பியும் கூடவே ஒரு சிறு தட்டுமாக 21 பாடல்கள், நூறு நிமிடத்துக்கும் மேல். நாற்பது நிமிடம் என்று நான் போட்டுவைத்திருக்கும் கணக்கு அதன் முன்னால் நிற்குமா என்று தெரிந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.